ஆய்வுக்கூடத்திற்கும் நம் பிள்ளைகளை அனுப்புவோம்

மலேசியச் சிற்றூர் ஒன்றின் பெயர் இன்று உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. கேரளத்தின் கோழிக்கோட்டிலும் வங்காளதேசத்துக் கிராமங்களிலும் அந்தப் பெயரைக் கேட்டாலே மக்கள் நடுங்குகிறார்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சுங்கை நிப்பா என்னும் கம்பத்தின் பெயர்தான் அது. 1999-ஆம் ஆண்டு அவ்வூர் நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸுக்கு ‘நிப்பா’ என்று பெயர் சூட்டினார்கள்.

அந்த வைரஸை முதலில் கண்டவர் யார்? பெரும்பதவியில் இருந்த அதிகாரியா? வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய நிபுணரா? இருவரும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் துறையில் அப்போது பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங்தான் அவர். இந்தச் செய்தி நம் மாணவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

வைரஸ் ஆராய்ச்சி என்றவுடன் வெள்ளை அங்கியும் விலையுயர்ந்த கருவிகளும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. கருவிகள் வேண்டும்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால், கருவியில் தெரிவதை நம்பி, ‘எல்லாரும் சொல்வது சரியில்லையோ’ என்று ஐயுறும் ஓர் இளம் ஆய்வாளர் அதற்கும் முன்னதாக வேண்டும். அத்தகைய இளைஞர்களை நம் சமுதாயம் உருவாக்குகிறதா, உருவானவர்களை நாடு தக்க வைத்துக் கொள்கிறதா என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

புக்கிட் மெர்தாஜாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. செபராங் பிறையில் பன்றிப் பண்ணைகள் இருக்கின்றன. செருக் தோக்குன் மலையடிவாரத்தில் டுரியான் தோப்புகள் இருக்கின்றன. தோப்புகளைத் தேடி வௌவால்கள் வருகின்றன. 2021-இல் சபாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2023-இல் நம் பகுதிப் பண்ணைகளையும் எட்டியது. அந்நோய் மனிதரைத் தொற்றாது என்பது நம் நல்வாய்ப்பு. கால்நடைச் சேவைத் துறையின் வட்டார ஆய்வுக்கூடம் ஒன்றும் இங்கேயே புக்கிட் தெங்காவில் இயங்கி வருகிறது. எத்தனையோ முறை அவ்வழியே போய் வந்திருந்தாலும் அதனுள்ளே என்ன நடக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

நிப்பாவின் கதையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் சிலர் கடும் காய்ச்சலுக்கும் மூளை அழற்சிக்கும் ஆளானார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. அந்நோயைக் கொசு பரப்பும். பன்றி அதன் வைரஸைத் தாங்கி நிற்கும். ஆகவே, புகை அடித்தார்கள்; தடுப்பூசி போட்டார்கள். எனினும் நோய் நிற்கவில்லை. ஈப்போவிலிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பகுதிக்கும் அது பரவியது.

கூர்ந்து பார்த்த மருத்துவர்களுக்குச் சில செய்திகள் இடறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் வேலை செய்யும் வயது வந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அதே கொசு கடித்த அக்கம்பக்கத்து மக்களுக்கு, பன்றியைத் தொடாத வரையில், ஒன்றும் நேரவில்லை. பன்றிகளும் நோயுற்றன, அவற்றின் குரைப்பது போன்ற இருமல் நெடுந்தூரம் கேட்டதாம். கொசுதான் காரணம் என்றால் இவையெல்லாம் எப்படிப் பொருந்தும்?

1999 மார்ச்சில் டாக்டர் சுவா, நோயாளிகளின் தண்டுவட நீரை ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் இட்டுக் காத்திருந்தார். சில நாள்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரும் பெரும் திரள்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அவ்வாறு செய்வதில்லை. இது வேறொன்று என்பது அவருக்கு விளங்கியது. இத்தகைய கொடிய வைரஸை ஆராய்வதற்கான மிக உயர்ந்த பாதுகாப்புடைய கூடம் அன்று நம் நாட்டில் இல்லை. ஆகவே, அவரே அந்த மாதிரிகளைச் சுமந்துகொண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கூடத்திற்கு விமானம் ஏறினார். அங்கே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது தட்டம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் அவற்றோடு பழகிய மனிதரையும் கொன்ற ஹென்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய உறவு அது எனப் பின்னர் தெரிய வந்தது.

ஆபத்து கொசுவில் இல்லை, நோயுற்ற பன்றியோடு நெருங்கிப் பழகுவதில்தான் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டார்கள். இவர்களுள் பண்ணை முதலாளிகளும் இருந்தார்கள். கூலிக்குப் பன்றி மேய்த்த தொழிலாளர்களும் இருந்தார்கள். நம் இனத்தவரும் இருந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் தொற்றி ஒருவர் இறந்தார். ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. 1,885-ஆக இருந்த பண்ணைகள் 829-ஆகக் குறைந்தன. காரணம் இன்னும் சில மாதம் பிந்தித் தெரிந்திருந்தால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும்? நோயையும் நோய் வந்த காரணத்தையும் ஆய்ந்தறிந்த பிறகே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்னது வெறும் அறிவுரை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இது மலேசியாவில் மட்டும் நடந்த அதிசயமா என்றால், இல்லை. தமிழ்நாட்டிற்குப் போவோம். 1985-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. அவருக்கு வயது 32. இந்தியாவில் எய்ட்ஸ் நோய் உண்டா என்று ஆராயும்படி அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் ஆய்வுத் தலைப்புக் கொடுத்தார். மும்பையிலும் புனேயிலும் பல நூறு மாதிரிகள் சோதிக்கப்பட்டு, ஒன்றிலும் அக்கிருமி காணப்படாத நேரம் அது. ‘அது மேலை நாட்டு நோய்; நம் ஒழுக்கமுள்ள நாட்டுக்கு வராது’ என்று பலரும் பேசிக்கொண்டிருந்த காலம்.

நடுத்தரக் குடும்பத்தில், கட்டுப்பாட்டோடு வளர்ந்த நிர்மலா முதலில் தயங்கினார். பாலியல் தொழில் புரிந்ததற்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் போய் இரத்தம் கேட்பது எளிய செயலா? கணவர் ஊக்கமளித்தார், தம் வண்டியிலேயே அழைத்துப் போய் விட்டார். 80 மாதிரிகள் சேர்ந்தன. கையுறையோ வேறு பாதுகாப்போ பெரிதாக இல்லை. குருதிநீரை வைக்க வேறு இடமின்றி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில் மாதிரிகளோடு இரவு இரயிலேறி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார்கள். டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை உலகம் அறிந்தது ஒரு தமிழ்ப் பெண்ணின் பட்டமேற்படிப்பு ஆய்வால்தான்.

அதன் பிறகு என்ன நடந்தது? இந்தியா முழுவதும் இரத்தப் பரிசோதனை ஏற்பாடுகள் தொடங்கின. டாக்டர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகவே வாழ்ந்து 2015-இல் மறைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. நிர்மலாவோ ஆய்வேட்டை முடித்துத் தேர்வெழுதி, சென்னை கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புப் பணியில் சேர்ந்து, 2010-இல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகள் அவர் பெயரைச் சொல்வாரே இல்லை. 2016-இல் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் எழுதிய பிறகுதான் தமிழ் கூறும் நல்லுலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. இதை என்னவென்று சொல்வது?

இந்த இரு கதைகளிலும் எனக்குத் தெரியும் ஒற்றுமைகள் மூன்று. ஒன்று, இருவருமே அத்துறையில் தொடக்க நிலையில் இருந்தவர்கள். இரண்டு, எல்லாரும் ஒரு விடையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று, இவர்களுக்குப் பின்னால் கைகொடுக்க ஓர் ஆசிரியரோ ஒரு நிறுவனமோ இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த மாதிரிகள் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும்.

இளம் ஆய்வாளர்களின் பணி ஒரு வைரஸுக்குப் பெயர் வைப்பதோடு முடிந்து விடுவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதையும் தேட வேண்டும். டாக்டர் சுவாவும் அவருடைய குழுவினரும் தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, விழும் சிறுநீர்த் துளிகளையும் கடித்துப் போட்ட பழங்களையும் சேகரித்தார்கள். அவற்றிலிருந்து நிப்பா வைரஸைப் பிரித்தெடுத்ததை 2002-இல் வெளியிட்டார்கள். ஈப்போ பண்ணையில் நடந்ததும் அப்போது தெளிவாயிற்று. பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள். வௌவால் கடித்த பழம் கீழே விழ, பன்றி அதைத் தின்றது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. வங்காளதேசத்தில் பன்றியும் தேவைப்படவில்லை. அங்கே ஈச்ச மரத்தில் பானை கட்டி இறக்கும் பச்சைச் சாற்றை வௌவால் நக்க, அதைக் காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு நோய் வந்தது. பதநீரும் கள்ளும் அறிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

‘அப்படியானால் வௌவால்களைச் சுட்டுத் தள்ளிவிடலாமே’ என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கும் ஓர் இளம் மலேசிய ஆய்வாளர்தான் விடை தந்தார். அதே தியோமான் தீவில் டாக்டர் ஷீமா அப்துல் அஸீஸ் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக டுரியான் மரங்களில் கேமராக்களைப் பொருத்தினார். அந்தப் பழந்தின்னி வௌவால்கள் டுரியான் பூக்களைச் சிதைப்பதில்லை. மாறாக, மகரந்தச் சேர்க்கை செய்து காய் பிடிக்க உதவுகின்றன என்று அவர் குழு 2017-இல் எழுதியது. வௌவாலை ஒழித்தால் டுரியானும் குறையும். விரட்டினால் அவை ஊருக்குள் இடம் தேடி வரும். ஆகவே, கொட்டகையருகே பழமரம் வேண்டாம், வௌவால் கடித்த பழம் வேண்டாம் என்பதே அறிவுடைமை. இந்தத் தெளிவு ஆய்வாளர்கள் இராப்பகலாய்க் காடுகளில் காத்திருந்து நமக்குத் தேடித் தந்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் துணை ஆய்வாளராக இருக்கிறேன். திருமண வீடுகளில் என்னைக் காணும் மாமாக்களும் அத்தைகளும் தவறாமல் கேட்பது ஒரே கேள்விதான். “டாக்டருக்கா படிச்ச?” இல்லை, வைரஸைப் பற்றி ஆராய்கிறேன் என்றால், “அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?” என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. தோட்டத்தில் பால்மரம் சீவி, நான்கு பிள்ளைகளைக் கரையேற்றிய தலைமுறை அது. ஒரு பட்டம் என்றால் ஒரு நிரந்தர வேலை என்பது அவர்கள் வாழ்க்கை கற்றுக்கொடுத்த கணக்கு.

ஆனால், அந்தக் கணக்கு இன்று மாறிவிட்டது. 2016-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசாங்கம் புதிய மருத்துவர்களையும் ஒப்பந்த அடிப்படையிலேயே நியமிக்கத் தொடங்கியது. 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் கறுப்புடையில் பணியை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் பார்த்தோம். கடன் வாங்கி, நிலம் விற்று, வெளிநாட்டுக்கு அனுப்பி மருத்துவராக்கினாலும் நிரந்தரம் உறுதியில்லை என்றாகிவிட்டது. மருத்துவம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிப்பா காலத்தில் நோயாளியின் அருகே நின்ற நரம்பியல் மருத்துவர்களும் திசுக்களை ஆராய்ந்த நோயியல் நிபுணர்களும் இல்லாவிடில் ஆய்வுக்கூடத்திற்கு வேலையே இருந்திருக்காது. 2008-இல் மெர்டேக்கா விருது மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் நிப்பா ஆய்வுக் குழு முழுமைக்கும் வழங்கப்பட்டது மிகப் பொருத்தமே. ஆர்வம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளையைப் போகவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பெற்றோரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஆய்வாளரின் வாழ்க்கை உண்மையிலேயே கடினமாகத்தான் இருக்கிறது. ஆராய்ச்சி மானியம் இருக்கும்வரை துணை ஆய்வாளருக்குச் சம்பளம். மானியம் முடிந்தால் வேலையும் முடிந்தது. என்னோடு படித்தவர்களுள் நுண்ணோக்கியை விட்டுவிட்டு, பாயான் லெப்பாசிலும் பிறையிலும் உள்ள தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டுப் பணிக்குப் போனவர்கள் உண்டு. அது இழிவான வேலை இல்லை. ஆனால், உயிரணுக்களை வளர்க்கவும் மாசுபடாமல் காக்கவும் பல ஆண்டுகள் பழகிய கை வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த நோய் வரும் நாளில் அந்தக் கையைத் திடீரென்று உண்டாக்க முடியுமா?

2018-இல் மலேசியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.04 விழுக்காட்டை ஆய்வுக்கும் மேம்பாட்டிற்கும் செலவிட்டது. 2020-இல், கோவிட்-19 உலகையே முடக்கிய அதே ஆண்டில், அது 0.95 விழுக்காடாக இறங்கியது. தென்கொரியாவோ 4 விழுக்காட்டுக்கும் மேல் செலவிடும் நாடு. 2030-க்குள் 3.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று நம் தேசிய அறிவியல் கொள்கை இலக்கு வைத்திருக்கிறது. இலக்கை வரவேற்போம். ஆனால், அந்தப் பணம் கட்டடமாகவும் கருவியாகவும் மட்டும் முடிந்துவிடாமல் ஆளாகவும் மாற வேண்டும். நல்ல இளம் ஆய்வாளருக்குக் குறைந்தது ஐந்தாண்டுப் பணி உறுதி என்ற நிலை வந்தாலே பலர் துறையில் நிலைப்பார்கள். நோய் வந்த பின் கோடி கோடியாய்க் கொட்டுவதைக் காட்டிலும் இது மலிவானது.

இதில் நம் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. வைரஸ் ஆராய்ச்சி நுண்ணோக்கியில் மட்டும் நடப்பதில்லை. யாருக்கு நோய் வந்தது, அவர் என்ன வேலை செய்தார், எதைத் தொட்டார், எதைத் தின்றார் என்று வீடு வீடாகக் கேட்டறிவதும் ஆராய்ச்சியே. நிப்பா விசாரணையில் ‘பன்றியைத் தொட்டீர்களா?’ என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகள்தாம் கொசுவை விடுவித்தன. இந்த நாட்டில் அக்கேள்வியைத் தமிழிலும் கேட்க வேண்டியிருக்கிறது. அச்சத்தில் இருக்கும் ஒரு தாய், தன் மொழியில் பேசும் ஆய்வாளரிடம்தான் உள்ளதை உள்ளபடி சொல்வாள். கோவிட் காலத்தில் தடுப்பூசியைப் பற்றி நம் குடும்பங்களின் கைப்பேசிகளில் உலவிய வதந்திகள் கொஞ்சமா? அவற்றை மறுத்து எளிய தமிழில் விளக்க எத்தனை பேர் இருந்தோம்? ‘வைரஸ்’ என்பதா, ‘நச்சுயிரி’ என்பதா, ‘தீநுண்மி’ என்பதா என்று சொல்லுக்காக வாதிடுவது நல்லதே. அந்தச் சொல்லை வைத்து நாலு வாக்கியம் சரியாக எழுதத் தெரிந்தவர்கள் பெருகுவது அதைவிட நல்லது.

ஆகவே, நம் மொழிக் கழகத்திற்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவது, பேச்சுப் போட்டிக்கும் கவியரங்கத்திற்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு பங்கை அறிவியலுக்கும் கொடுப்போம். ஒவ்வோர் ஆண்டும் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் தம் ஆய்வைத் தமிழில் அரைமணி நேரம் பேசட்டும். அது இந்த ஆண்டு மலரில் கட்டுரையாகவும் வரட்டும். இரண்டாவது, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்ணோக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு போவோம். வெங்காயச் சருகில் உயிரணுவைக் காட்டுவோம். வைரஸ் இதில் தெரியாது, அதற்கு இன்னும் பெரிய கருவி வேண்டும் என்று சொல்வோம். “அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், சுவாவின் கதையையும் நிர்மலாவின் கதையையும் சொல்லிவிட்டு வரலாம்.

நிப்பா நம்மை விட்டுப் போய்விட்டதா? 1999-க்குப் பிறகு மலேசிய மக்களிடையே அது பரவவில்லை. ஆனால், 2018-இல் கோழிக்கோட்டில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளுள் பெரும்பாலோரைக் கொண்டு போயிற்று. அதன் பின்னும் கேரளத்தில் பலமுறை தலைகாட்டியது. அதற்கான தடுப்பூசி ஒன்றை மனிதரிடம் சோதிக்கும் பணியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில்தான் தொடங்கியது. வைரஸ் கண்டறியப்பட்டு 25 ஆண்டுகள் ஆன பிறகு! வௌவால்கள் நம் மலைகளில் இருக்கின்றன, பண்ணைகளும் இருக்கின்றன. அடுத்து எது, எங்கிருந்து வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. அது வரும்போது நுண்ணோக்கியின் முன்னால் அமர்ந்து, ‘இது நாம் நினைத்தது இல்லையே’ என்று ஐயுற ஓர் இளைஞர் இருக்க வேண்டும். அவர் நம் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து வந்தவராகவும் இருக்கட்டுமே!